நடந்த கணக்கு, நின்ற கணக்கு

பீடோங் பட்டணத்து ஒட்டுக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் யாராவது ஒரு பிள்ளை புத்தகத்தோடு வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போடும். படிவம் நான்கு பிள்ளைகள்தான் அதிகம். இயற்பியலில் விசையும் இயக்கமும் தொடங்கியவுடனே மலாயில் ஜாராக், செசாரான் என்று இரண்டு அளவுகள் வந்து நிற்கும். தமிழில் தூரம், இடப்பெயர்ச்சி. இரண்டையும் மீட்டரில்தான் அளக்கிறோம். அப்புறம் எதற்கு இரண்டு பெயர் என்பதுதான் எல்லாப் பிள்ளைகளின் சந்தேகமும்.

ஒரு பெண் பிள்ளை கொஞ்சம் வேறு மாதிரி கேட்டாள். புத்தகத்துக் கணக்கு சாதாரணமானது: ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி 6 கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கே திரும்புகிறார், அவருடைய இடப்பெயர்ச்சி என்ன? சுழியம் என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"எங்க பாட்டி காலமெல்லாம் பால் மரம் வெட்டினாங்க சார். தெனமும் லயத்துலேருந்து போயி லயத்துக்கே வந்தாங்க. அப்படின்னா பாட்டி எங்கயுமே போகலன்னு அர்த்தமா?"

"உக்காரும்மா, மொதல்ல தே தாரிக் குடி. ஒங்க பாட்டியோட வெட்டையே கணக்காப் போட்டுப் பாத்துருவோம்" என்றேன்.

கேள்வி நியாயமானது. அதற்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரப்பர்த் தோட்டத்து வேலை விடியுமுன் தொடங்கும். அந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாட்டி தன் முதல் மரத்துக்கு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாகச் சில எண்களை நாமே வைப்போம். ஒரு நிரையில் 31 மரம். மரத்துக்கு மரம் 3 மீட்டர். ஆக முதல் மரத்திலிருந்து கடைசி மரம்வரை 30 இடைவெளி, 90 மீட்டர். நிரைக்கும் நிரைக்கும் நடுவே 7 மீட்டர். நிரைகள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. பாட்டிக்குக் கிடைத்த காட்டில் இப்படிப் பத்து நிரை, 310 மரம். முதல் மரம் தென்மேற்கு மூலையில்.

முதல் நிரையில் வடக்கே வெட்டிக்கொண்டு போவார். முனையில் 7 மீட்டர் கிழக்கே தள்ளி அடுத்த நிரைக்குள் நுழைந்து தெற்கே வெட்டிக்கொண்டு வருவார். மறுபடி 7 மீட்டர் கிழக்கே, மறுபடி வடக்கே. மரத்தைச் சுற்றி எடுத்து வைக்கும் அடிகளை விட்டுவிடலாம்.

ஒன்பதாவது நிரையின் கடைசி மரத்தில் பாட்டியை நிறுத்துங்கள். அதுவரை நடந்தது ஒன்பது 90 மீட்டரும் எட்டு 7 மீட்டரும். 810 கூட்டல் 56, மொத்தம் 866 மீட்டர். இது தூரம். இப்போது பாட்டி எப்படி வந்தார் என்பதை மறந்துவிட்டு, எங்கே தொடங்கினார், எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். முதல் மரத்திலிருந்து வடக்கே 90 மீட்டர், கிழக்கே 56 மீட்டர் தள்ளி நிற்கிறார். பித்தாகோரஸ் தேற்றத்தைப் போட்டால் 90-இன் வர்க்கம் 8,100, 56-இன் வர்க்கம் 3,136, கூட்டினால் 11,236. அதன் வர்க்கமூலம் துல்லியமாக 106. ஆக, இடப்பெயர்ச்சி 106 மீட்டர். அது போதாது. திசையும் சொல்ல வேண்டும்: வடக்கிலிருந்து கிழக்குப் பக்கம் சுமார் 32 பாகை சாய்ந்து.

இனி பத்தாவது நிரை. பாட்டி 7 மீட்டர் கிழக்கே போய், 90 மீட்டர் தெற்கே வெட்டிக்கொண்டு வந்து கடைசி மரத்தில் நிற்கிறார். தூரம் 866-லிருந்து 963 மீட்டர் ஆகிவிட்டது. இடப்பெயர்ச்சி? முதல் மரத்துக்கு நேர் கிழக்கே 63 மீட்டரில் நிற்கிறார். அவ்வளவுதான். 97 மீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறார், ஆனால் இடப்பெயர்ச்சியின் அளவு 106-லிருந்து 63-க்கு இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் அந்தப் பெண் பென்சிலை வைத்துவிட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். பார்க்கத்தான் வேண்டும். முழுப் பாடமும் இந்தப் பத்தாவது நிரையில்தான் இருக்கிறது. தூரம் ஒருபோதும் குறையாது. மோட்டாரின் கிலோமீட்டர் எண் எப்படிப் பின்னால் போகாதோ அப்படித்தான். இடப்பெயர்ச்சி கூடும், குறையும், திசை மாறும், சுழியமும் ஆகும். வெட்டு முடிந்து, கொஞ்சம் ஓய்ந்து, பால் எடுப்பதற்காகப் பாட்டி மறுபடி முதல் மரத்துக்கு வருகிறார். 63 மீட்டர் மேற்கே நடக்கிறார். தூரம் 1,026 மீட்டர். இடப்பெயர்ச்சி சுழியம்.

வேகத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பத்து நிரை வெட்ட மூன்று மணி நேரம் ஆனதாக வைத்தால், சராசரி வேகம் 963-ஐ மூன்றால் வகுத்து மணிக்கு 321 மீட்டர். சராசரித் திசைவேகம் 63-ஐ மூன்றால் வகுத்து மணிக்கு 21 மீட்டர், கிழக்கு நோக்கி. புத்தகத்தில் லாஜு, ஹாலாஜு என்று வருபவை இவைதான். முன்னது தூரத்தைக் காலத்தால் வகுப்பது, பின்னது இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுப்பது. மேலே இருக்கும் எண்ணைச் சரியாக எடுத்தால் கீழே தவறு நேராது.

இடப்பெயர்ச்சியைப் பற்றிப் பல வகுப்புகளில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்: இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம். இந்த வரி எனக்குப் பிடிப்பதில்லை. அதைக் கேட்ட பிள்ளை, இடப்பெயர்ச்சியும் ஒரு வகைத் தூரம்தான், குறுக்குவழியில் போனால் கிடைப்பது என்று நினைத்துக்கொள்கிறது. திசையை எழுத மறக்கிறது. யாராலும் போக முடியாத வழியாக இருந்தால் குழம்பிவிடுகிறது.

போக முடியாத வழிக்கும் பால் மரமே சாட்சி. கீறலைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து, மரத்தின் பாதிச் சுற்றுவரை வரும். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி செய்து காட்டியதிலிருந்து, கோட்டின் வடிவம் மாறினாலும் பட்டையோடு நிற்கும் அந்தக் கவனம் மாறவில்லை.

சுற்றளவு 50 சென்டிமீட்டர் உள்ள இளமரத்தை எடுத்துக்கொள்வோம். அந்த அளவுக்குப் பெருத்த பிறகுதான் வழக்கமாகக் கத்தி வைப்பார்கள். கீறல் 30 பாகை சரிவில் பாதிச் சுற்று வருகிறது. மேல் முனையில் ஒரு சொட்டு பால் துளிர்த்து, கீறல் வழியே ஊர்ந்து கீழ் முனைக்கு வருகிறது. அது கடந்த பாதை சுமார் 29 சென்டிமீட்டர். சொட்டின் இடப்பெயர்ச்சி எவ்வளவு? மரத்தின் குறுக்களவு சுமார் 16 சென்டிமீட்டர், இறங்கிய உயரம் சுமார் 14 சென்டிமீட்டர். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் வரும். அந்த அம்பு எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு, மரத்தின் நடு வைரத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. அந்த வழியாக எந்தச் சொட்டும் ஓடியதில்லை, ஓடவும் முடியாது. இருந்தாலும் சொட்டின் இடப்பெயர்ச்சி அதுதான். வழி இருக்கிறதா இல்லையா என்பதை இடப்பெயர்ச்சி பார்ப்பதில்லை. தொடக்கம் ஒரு புள்ளி, முடிவு ஒரு புள்ளி, தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி ஓர் அம்பு.

"பாட்டி அவங்க அம்மாவோட கப்பல்ல வந்தாங்களாம் சார், அதுக்கும் இதே மாதிரிதானா?" என்று அவளே அடுத்ததைக் கேட்டாள். அதே மாதிரிதான். ஆனால் அந்தக் கணக்கு இதைவிடப் பெரியது.

1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970-கள்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. கெடா தோட்டங்களில் வேர்விட்ட குடும்பங்களில் பல அதில் வந்தவை. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 2,330 கிலோமீட்டர் வரும். திசை கிழக்கு, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. அந்தக் கோடு நிக்கோபாரின் தென்பகுதித் தீவுகள் மீது போகும். தீவின் மீது கப்பல் போகாது. பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே வளைந்து, அச்சே முனைக்கு வடக்கே புகுந்து, மலாக்கா நீரிணைக்குள் வர வேண்டும். அப்படி விலகி வந்த ஒவ்வொரு மைலும் தூரத்தில் சேரும், இடப்பெயர்ச்சியில் சேராது. பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தது இரண்டிலுமே சேராது. சராசரி வேகத்தையும் சராசரித் திசைவேகத்தையும் மட்டும் அது குறைக்கும்.

கண்டிப்பாகப் பார்த்தால் வரைபடத்துக் கோடுகூட உண்மையான நேர்கோடு இல்லை. அது பூமியின் முதுகோடு வளைகிறது. மரத்தைத் துளைத்த அம்பைப் போல நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நேராக ஓர் அம்பைச் செலுத்தினால், நடுவழியில் அது கடலுக்கு அடியில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் பூமிக்குள் போகும். ஆனால் நீளம் 13 கிலோமீட்டர் போலத்தான் குறையும் என்பதால் வரைபடக் கோட்டையே வைத்துக்கொள்ளலாம். பள்ளிக் கணக்குக்கு அது போதும்.

பினாங்கில் இறங்கியவர் கடல் தாண்டிப் பிறை வந்து, ரயிலேறிப் பீடோங்குக்கு வந்தார். ஜார்ஜ்டவுனிலிருந்து பீடோங் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர், வடக்கும் கிழக்கும் கலந்த திசையில். இப்போது நாகப்பட்டினத்திலிருந்து பீடோங்வரை மொத்த இடப்பெயர்ச்சி என்ன? 2,330 கூட்டல் 40, 2,370 என்று எழுதினால் தவறு. சரியான விடை சுமார் 2,340. மீதி முப்பது எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. முதல் அம்பு கிழக்கே போய்க் கொஞ்சம் தெற்குப் பக்கம் இறங்குகிறது, இரண்டாவது அம்பு வடக்கே ஏறுகிறது. இரண்டாவது அம்பின் பெரும்பகுதி முதல் அம்புக்குக் குறுக்கே போவதால், நீளத்தில் பத்து கிலோமீட்டர் அளவுக்குத்தான் அது உதவுகிறது. தூரங்களை எண்களாகக் கூட்டலாம். இடப்பெயர்ச்சிகளை அம்புகளாகத்தான் கூட்ட வேண்டும், ஒன்றின் முனையில் அடுத்ததன் வாலை வைத்து.

இதே கடல்வழியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரே கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து, பீடோங்கில் ஒரே தோட்டத்தில் வேலை செய்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இங்கேயே தங்கிவிட்டார். இன்னொருவர் திருப்பி அனுப்பப்பட்டு நாகப்பட்டினத்தில் போய் இறங்கினார். அவர் கடந்த தூரம் 4,680 கிலோமீட்டருக்கும் மேல், தங்கியவர் கடந்ததைப்போல இரண்டு மடங்கு. ஆனால் இடப்பெயர்ச்சி தங்கியவருக்கு 2,340 கிலோமீட்டர், திரும்பியவருக்குச் சுழியம். தூரத்தில் முந்தியவர் இடப்பெயர்ச்சியில் பிந்திவிட்டார். ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு பேரையும் காட்டினால் போதும்.

அந்தச் சுழியம் திரும்பியவர் பட்ட பாட்டை அளக்கவில்லை. அளப்பதாகச் சொல்லவும் இல்லை. கடைசியில் எங்கே நிற்கிறாய் என்ற ஒரே கேள்விக்கு அது பதில் சொல்கிறது: தொடங்கிய இடத்தில். பாட்டியின் கால்கள் நடந்ததைத் தூரத்திடம்தான் கேட்க வேண்டும். ஒரு வெட்டுக்கு 963 மீட்டர், பால் எடுக்க இன்னொரு 963 மீட்டர், அதற்குமேல் காண்டாக் கம்பைத் தோளில் போட்டு வாளிகளோடு ஸ்டோருக்கு நடந்தது, லயத்துக்குத் திரும்பியது. வருடக்கணக்கில் இவை எல்லாம் கூடிக்கொண்டே போகும், ஒரு மீட்டர்கூடக் கழியாது. "பாட்டி எங்கேயும் போகவில்லை என்று இயற்பியல் சொல்லவில்லையம்மா, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்றுதான் சொல்கிறது" என்றேன். அதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

பள்ளி ஆய்வுக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், குழப்பத்தில் பாதி அங்கேதான் உருவாகிறது. டிக்கர் டைமரில் நாடாவைக் கோர்த்து, தள்ளுவண்டியைச் சரிவில் விடுகிறார்கள். நொடிக்கு 50 புள்ளி விழுகிறது. பத்து இடைவெளியை அளந்தால் 0.2 நொடியில் வண்டி நகர்ந்தது தெரியும். நல்ல பரிசோதனைதான். ஆனால் வண்டி ஒரே நேர்கோட்டில், ஒரே திசையில், ஒரே முறை போகிறது. அப்படிப் போகும்போது தூரமும் இடப்பெயர்ச்சியின் அளவும் ஒரே எண். பிள்ளை முதன்முதலாகக் கையால் அளக்கும் பரிசோதனையிலேயே இரண்டும் ஒன்றாக இருந்தால், வேறு வேறு என்று எப்படி மனதில் பதியும்? ஆசிரியர்கள் டிக்கர் டைமரைத் தொடுமுன் பிள்ளைகளைத் திடலில் ஒரு சுற்று நடக்கவிட வேண்டும். பாதிச் சுற்றில் ஒருமுறை, முழுச் சுற்றில் ஒருமுறை நிறுத்திக் கேட்க வேண்டும்.

இந்தக் குழப்பம் தீராமல் போனால் அடுத்த பக்கத்திலேயே அடி விழும். சீரான முடுக்கத்துக்கான சமன்பாடுகளில் எஸ் என்று ஓர் எழுத்து வருமே, அது இடப்பெயர்ச்சி. தூரம் இல்லை. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை எளிமைக்காக 10 என்று வைப்போம். 4 நொடி கழித்து எஸ் என்ன? 20 பெருக்கல் 4, அதாவது 80. அதிலிருந்து பத்தில் பாதியான 5-ஐ நான்கின் வர்க்கமான 16-ஆல் பெருக்கிக் கழித்தால், 80 கழித்தல் 80, சுழியம். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இந்தச் சுழியத்தைப் பார்த்துப் பயந்து அடித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். விடை சரிதான். 2 நொடியில் பந்து 20 மீட்டர் மேலே போனது, அடுத்த 2 நொடியில் 20 மீட்டர் இறங்கிக் கைக்கே வந்துவிட்டது. தூரம் 40 மீட்டர், இடப்பெயர்ச்சி சுழியம். தூரம் கேட்டிருந்தால் மேலே போனதையும் கீழே வந்ததையும் தனித்தனியாகப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். சமன்பாடு தானாகச் செய்து தராது.

இடப்பெயர்ச்சியால் பிழைப்புக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் ஜன்னல் வழியே ஜெராய் மலையைப் பார்க்கலாம். உயரம் சுமார் 1,200 மீட்டர். குரூன் பக்கம் வளைந்து வளைந்து ஏறும் சாலை இருக்கிறது, யான் பக்கம் காட்டுப் பாதை இருக்கிறது. காலுக்கு வரும் வலியும் காடி குடிக்கும் பெட்ரோலும் பாதையைப் பொறுத்தவை, தூரத்தோடு கூடுபவை. புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை அப்படி இல்லை. கடல் மட்டத்திலிருந்து உச்சிக்கு 50 கிலோ எடையுள்ள ஒருவர் எந்தப் பக்கத்தால் ஏறினாலும், எத்தனை வளைவு வளைந்தாலும், அது சுமார் 6 லட்சம் ஜூல்தான். புவியீர்ப்பு பாதையைக் கேட்பதில்லை, இடப்பெயர்ச்சியில் செங்குத்தாக ஏறிய பங்கை மட்டும் கேட்கிறது. ஆற்றல் பாடம் வரும்போது இது கைகொடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தப் பாடத்தோடு திண்டாடினால் சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்கு இயற்பியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தாளைக் கொடுத்து, கிளம்பிய இடத்தில் ஒரு புள்ளி, நிற்கிற இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வந்த வழியைப் பென்சிலால் வளைத்து வரையட்டும், அதன் நீளம் தூரம். பிறகு முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது புள்ளிக்குப் பேனாவால் ஒரே ஓர் அம்பு போடட்டும், அது இடப்பெயர்ச்சி. அம்புக்குப் பக்கத்தில் எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று இரண்டையும் எழுதினால்தான் விடை முழுமை. அம்பு போட இடமே இல்லாமல் இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிட்டால், தயங்காமல் சுழியம் என்று எழுதச் சொல்லுங்கள்.